செத்தவர்கள் திரும்பி வரும் சீரியல்

சின்சினாட்டி
ஜூன் 2025

அன்புள்ள சித்திக்கு,

நலம், நலமறிய ஆவல். பிள்ளைகள் விஷயமெல்லாம் போனில் சொல்லிவிட்டேன், அதனால் நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். அமெரிக்காக்காரர்கள் சீரியல் பார்ப்பார்களா என்றீர்களே, சித்தி, இவர்கள் நம்மையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். சோப்புக் கம்பெனிகள் காசு போட்டு ரேடியோவில் ஆரம்பித்து வைத்த பழக்கம் இது. அதில் பெரிய கம்பெனியான பிராக்டர் அண்ட் கேம்பிளுக்குத் தலைமையகம் இந்த ஊர்தான். அவர்களுடைய 'கைடிங் லைட்' 1937இல் ரேடியோவில் தொடங்கி, டிவிக்கு வந்து, 2009 வரைக்கும் ஓடியிருக்கிறது.

எதிர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார் (கடிதத்தில்தான் பாட்டி, நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னும் வாய் கூசுகிறது). அவர் உயிரை விடுவது 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடருக்கு. 1965 நவம்பரில் தொடங்கியது. 2022 செப்டம்பரில் என்பிசி சேனலிலிருந்து எடுத்துப் பீகாக் என்ற ஆப்புக்கு மாற்றிவிட்டார்கள், மத்தியானம் சும்மா கிடைத்துக்கொண்டிருந்ததற்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டுமா என்று பாட்டிக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ஆப் அடிக்கடி பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிடும், அதைச் சரிபண்ணிக் கொடுக்கப் போய்த்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மார்லினா என்று ஒரு மனநல டாக்டர், டீட்ரா ஹால் என்ற அம்மாள் 1976இலிருந்து நடிக்கிறார். இவர் ஒருமுறை செத்துப்போனதாகச் சொல்லிவிட்டு 1991இல் உயிரோடு திரும்பி வந்திருக்கிறார், அப்புறம் பிசாசு வேறு பிடித்திருக்கிறது. ஜான் பிளாக் என்று ஒருவர் 1986இல் முகமெல்லாம் கட்டுப்போட்டு வந்து சேர, அவரைத்தான் மார்லினாவின் கணவர் என்று ஊரே நம்பியிருக்கிறது, பிறகு நிஜக் கணவர் வந்து நிற்கிறார்! இந்த ஜானாக நடித்த டிரேக் ஹோகஸ்டின் போன செப்டம்பரில் புற்றுநோயில் காலமாகிவிட்டார். படப்பிடிப்பை மாதக்கணக்கில் முன்கூட்டியே முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது, அதனால் ஜான் சாவது கதையில் இந்த மாதம்தான் வந்தது.

நம் ஊரில் போடுகிற 'இவருக்குப் பதில் இவர்' இங்கேயும் உண்டு, சித்தி. ஆனால் டிரேக்குக்கு அப்படி யாரையும் போடவில்லை. ஜான் சாகிற அந்த எபிசோடைப் பாட்டியும் அவருடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள், நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். மார்லினா அழுகிற இடத்தில் பாட்டி, "இது நடிப்பில்லை, அவளுக்கு நிஜமாகவே கூட நடித்தவன் போய்விட்டான்" என்றார். மடியிலிருந்த டிஷ்யூ பெட்டி கைமாறிக்கொண்டே இருந்தது. ஒரு சிநேகிதிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை, எங்காவது வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லி விட்டிருக்கலாமே, கொல்லுவானேன் என்று சண்டை. இன்னொருவர், வெளிநாடு வெளிநாடு என்று எத்தனை மாதம் இழுப்பது, முறையாக வழியனுப்புவதுதான் மரியாதை என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. அங்கே நான் புதுசு.

எனக்கு உறுத்தியது என்னவென்றால், இந்தத் தொடரில் யார் செத்தாலும் "பார், ரெண்டு வருஷத்தில் வந்து நிற்பான்" என்று சிரிப்பவர்கள் இவர்கள்தான். இந்த முறை ஒருத்தர்கூட அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் பழைய பாட்டி ஆகிவிட்டார். கதை எழுதுகிறவர்களைத் திட்டினார், ஒருத்திக்குத் தலைமுடி சரியில்லை என்றார், மார்லினாவுக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிவைத்தால் ஆப்பையே எடுத்துவிடுவேன் என்று என்னிடம் எச்சரிக்கை வேறு. எடுக்கமாட்டார், எடுக்கத் தெரியாது, அதற்கும் என்னைத்தான் கூப்பிடவேண்டும்.

சரி, உங்கள் ஒன்பது மணி சீரியலில் அந்தப் பெரிய மருமகள் சொத்தில் கையெழுத்துப் போட்டாளா இல்லையா? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள். சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்