மூணு விசில் வந்துருச்சு

அப்பா, அம்மா,

உங்க லெட்டர் வந்து பதினாறு நாள் ஆச்சு. எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போயிருச்சு, வேலைன்னு பொய் சொல்ல மனசு வரல, சோம்பேறித்தனம்தான். தம்பி போனுக்கு அனுப்புறேன், எழுத்த பெருசாக்கி பிரிண்ட் எடுத்து அப்பத்தாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.

அப்பா, லெட்டர் பின்பக்கம் பென்சில்ல போட்ருந்தீங்களே, ரெண்டாங்கட்டு மட்டப்பா மாடில எந்த இடத்துல ஒழுகுதுன்னு அடி அங்குலம் போட்டு, அதை என் ரூம் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். போன வாரம் இங்க எல்லாரும் ஒருத்தர் வேலைய ஒருத்தர் பாக்குற நாள். நான் ரெண்டு மாசமா உக்காந்து போட்ட டிராயிங் எல்லாத்தையும் விட்டுட்டு எல்லாரும் அது முன்னாடி போய் நின்னாங்க, இந்தக் கோடு நல்லா இருக்கேன்னாங்க. எங்கப்பா போட்டது, வீடு ஒழுகுதுன்னு எழுதியிருக்காருன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல.

இங்க எப்படின்னு கேட்டிருந்தீங்க. ஜெர்மனில ஸ்டுட்கார்ட் ஊருக்கு வெளிய மேட்டுல காட்டுக்கு நடுவுல ஒரு அரண்மனை, பேரு சொலிட்யூட், தனிமைன்னு அர்த்தம், பேரு வச்சவருக்கு நல்ல குசும்பு. கார்ல் ஆய்கன்னு ஒரு பிரபு 1763ல ஆரம்பிச்சு 1769ல முடிச்சது. ஆனா அரண்மனைக்குள்ள இருக்குற பெரிய ரூமெல்லாம் ஊருக்குக் காட்டத்தானாம், படுக்கை சாப்பாடெல்லாம் பக்கத்துக் கட்டடத்துலயாம். நம்ம பக்கம் செட்டியார் வீட்டு முகப்பு மாதிரிதான், கல்யாணத்துக்குத் தொறந்தா உண்டு. அந்தப் பக்கத்துக் கட்டடத்துலதான் 1990ல இருந்து நான் வந்திருக்குற இந்த அகாடமி நடக்குது, 45 ஸ்டூடியோ, எங்கள மாதிரி கட்டடக்காரங்க, படம் வரையிறவங்க, எழுதுறவங்க, மியூசிக் போடுறவங்க எல்லாரும் கலந்து இருக்கோம். தங்க வாடகை இல்ல, மாசாமாசம் கைச்செலவுக்குத் தர்றாங்க. இன்னதைக் கட்டுன்னு யாரும் கேக்குறதில்ல, அதுதான் பயமாவே இருக்கு. நம்ம பக்கத்து சுண்ணாம்புப் பூச்சையும் மட்டப்பாவையும் பத்தித்தான் வேலை பாக்குறேன், அதாவது நீங்க சொன்னதத்தான் இவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அரண்மனை வாசல்ல இருந்து ஒரு ரோடு, நூல் புடிச்ச மாதிரி, லுட்விக்ஸ்பர்க் வரைக்கும் சுமார் 13 கிலோமீட்டர் நேரா போகுது. இந்தப் பக்கம் அப்ப வுர்ட்டம்பர்க்னு தனி நாடு, 1820ல அத அளக்க இதைத்தான் முதல் கோடா எடுத்தாங்களாம். நம்ம நாட்ட அளக்கவும் 1802ல பரங்கிமலைகிட்டதான் முதல் கோடு போட்டாங்கன்னு நான் சொன்னதும் பாதிப்பேர் நம்பல.

ஒருநாள் 92ஆம் நம்பர் பஸ்ஸப் புடிச்சு டவுனுக்குப் போயி வைசன்ஹாஃப் காலனியப் பாத்தேன். 1927ல கட்டுனது, சண்டிகர் கட்டுன அதே கார்புசியேர் வீடும் இருக்கு, 2016ல அதையும் சண்டிகர் கட்டடத்தையும் சேத்து உலகப் பாரம்பரியச் சின்னம்னு ஒரே லிஸ்ட்ல யுனெஸ்கோ போட்டிருக்கு. எல்லாம் மொட்டைமாடி வீடு. அந்தக் காலத்துல இது என்னடா கூரையே இல்ல அரபுக்காரன் ஊர் மாதிரி இருக்குன்னு ஒட்டகத்தயும் சிங்கத்தயும் ஒட்டி போஸ்ட் கார்டே அடிச்சு கேலி பண்ணிருக்காங்கப்பா! மொட்டைமாடிய மூணு தலைமுறையா கட்டுற குடும்பம்னு சொல்லிக்கணும்போல இருந்துச்சு. உள்ள போக டிக்கெட்டு, நான் வெளியிலயே சுத்திப் பாத்துட்டேன், வெளிய பாத்தாதான தெரியும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லம்மா. இவங்க பருப்ப வேகவச்சு நூடுல்ஸ் மாதிரி ஒண்ணு மேல ஊத்தித் தின்றாங்க, கூட ஒரு சாசேஜ். பருப்புல வினிகர ஊத்துறாங்க, தாளிக்கிறதே இல்ல. ஒருவாட்டி நான் கடுகு கருவடகம் தாளிச்சுக் கொட்டுனேன், நெருப்பு அலாரம் கத்திருச்சு. அதுலருந்து ஜன்னலத் தொறந்துட்டுத்தான் தாளிக்கிறேன், கை வெறச்சுப் போகும். நாலரைக்கெல்லாம் இருட்டிருது. ஜெர்கின் வாங்கிட்டேன், நல்ல ஜெர்கின்தான், வெலை கேக்காதீங்க.

பக்கத்து ரூம்காரர் ஒரு மியூசிக் ஆளு. காட்டுக்குள்ள மைக்க நட்டு வச்சு பனி விழுற சத்தத்தப் புடிக்கிறேன்னு குத்தவச்சிருப்பார். பனி விழுந்தா சத்தம் வருமான்னு கேட்டா, அதத்தான் தேடுறேன்றார். நம்ம குக்கர் விசில் கேட்டதும் ஓடி வந்துட்டார், மைக்க அடுப்புகிட்ட வச்சுட்டு என்னைய பேசாம இருக்கச் சொல்லிட்டு உக்காந்தார். அன்னிக்கு ராத்திரி ஹெட்போன மாட்டிவிட்டுக் கேக்கச் சொன்னார். மொத விசில், ரெண்டாவது, மூணாவது, அப்புறம் என் குரல் சத்தமா, "மூணு வந்துருச்சும்மா, நிப்பாட்டவா?"ன்னு. நான் கத்துனதே எனக்குத் தெரியாது. என்ன சொன்னேன்னு கேட்டார். ஒண்ணுமில்ல, எண்ணுனேன்னு சொல்லிட்டு ரூமுக்கு வந்துட்டேன். அன்னிக்குச் சோறு அப்படியே இருந்துச்சு.

சரி அத விடுங்க. ஒழுகுற எடத்துக்குப் பெரியப்பா சிமெண்ட் அடிச்சு மூடச் சொல்றார்னு எழுதிருந்தீங்க. வேண்டவே வேண்டாம்ப்பா. சுண்ணாம்பு மேல சிமெண்ட் போட்டா ஒட்டாது, வெடிப்பு விடும், உள்ள போன தண்ணி வெளிய வராம மரத்தத்தான் திங்கும், எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான. இந்த மழைக்குத் தார்ப்பாய் கட்டுங்க, தைக்கு மேல தட்டோட்டப் பேத்துட்டு பழையபடி கடுக்காய் கருப்பட்டித் தண்ணில சுண்ணாம்பு போட்டுக்கலாம். கரையான் இருக்கான்னு உத்தரத்த மட்டும் தட்டிப் பாருங்க. நீங்க ஏணில ஏறாதீங்க, பட்டறை மாமாவ ஏறச் சொல்லுங்க.

பணம் இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும், லேப்டாப்புல ஒரு சின்ன ரிப்பேர், வேற ஒண்ணுமில்ல. அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள இருபதாயிரம் போட்ருவேன், மொதல்ல தம்பி செமஸ்டர் பீஸ், மிச்சம் சுண்ணாம்புக்கு. அப்புறம் இங்க காலி பாட்டிலக் கடையில குடுத்தா ஒண்ணுக்கு 25 சென்ட் வரைக்கும் திருப்பித் தர்றாங்க, பார்ட்டி முடிஞ்சா நான்தான் மூட்டையாக் கொண்டுபோறது, எல்லாரும் சிரிப்பாங்க. சும்மா பொழுதுபோக்குதான். சீட்டப் பாதில எடுக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க.

அக்கா வளைகாப்பு தேதி இன்னும் முடிவாகலியா? மாமா வீட்டுல தை மாசம்னு சொன்னா நம்ம பக்கம் ஒத்துக்கங்க, சேல விஷயத்துல போன தடவ மாதிரி இழுக்க வேண்டாம். பாகப்பிரிவினைப் பத்திரத்த இப்ப தொடாதீங்க. பெரியப்பாகிட்ட ஞாயித்துக்கிழமை நானே போன்ல பேசுறேன், நீங்க பேசுனா சண்டையாத்தான் முடியும். உங்களுக்கு மத்தியானம் ஒண்ணரை மணிக்குக் கூப்பிடுவேன், இங்க ஒம்பது மணியா இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மூத்தவன்

அம்மாவுக்கு: ஆத்தங்குடி சித்தி மகன் மார்ச்ல பிராங்க்பர்ட் வர்றான்னு சொன்னியே, அவன்கிட்ட கருவடகமும் குக்கருக்கு ஒரு கேஸ்கட்டும் குடுத்துவிடு. மூணு லிட்டர், பழைய மாடல், நம்ம வீட்டுல இருக்குற அதே சைஸு.