கேட்டில் நின்ற பலாப்பழம்

பாப்பா,

நேற்று போனில் பொரிந்து தள்ளினாயே, ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து கத்தினார் என்று, எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் பதிவு பண்ணணும், ஞாயிறு சத்தமே வரக்கூடாது, சுவரில் ஆணிகூட அடிக்கக்கூடாது, "ஜெர்மனியில மூச்சு விடவும் ரூல் இருக்கும்மா" என்றாய். சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

எனக்கும் விதி என்றாலே எரிச்சல்தான். 2015 ஜூலையிலிருந்து வண்டியில் பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று கோர்ட் உத்தரவு போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? தலைநிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பி, மண்டபத்தில் போய்க் கழற்றினால் பூ சப்பாத்தி மாதிரி ஒட்டிக் கிடக்கும். அப்பாவிடம் எவ்வளவு சண்டை! இப்போது பழகிவிட்டது, பூவைப் பையில் எடுத்துப்போய் அங்கே வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால், 2003-இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது உன் தாத்தா நங்கநல்லூர் வீட்டு வாசலில் நின்று "என் மொட்டைமாடித் தண்ணி எங்க போகணும்னு கவர்மென்ட் சொல்லுமா" என்று கத்தினார். அப்புறம் 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த நாட்களிலும் நம் கிணற்றில் காலையில் நாலு குடம் ஊறியது. தாத்தா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனால் போன மாதம் நடந்ததைக் கேள். பண்ருட்டியிலிருந்து பெரிய மாமா வந்தார். எழுபத்திரண்டு வயது, தோளில் பலாப்பழம். நம் அபார்ட்மென்ட் கேட்டில் இப்போது ஒரு ஆப், வருகிறவரைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், நாம் சரி சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன், போன் ஹாலில். இருபத்தைந்து நிமிஷம் வெயிலில் நிற்கவைத்துவிட்டார்கள். மாமா கோபப்படக்கூட இல்லை, "உன் வீட்டுக்கு வர என் மூஞ்சி போதாதா பாப்பா" என்று மட்டும் கேட்டார். அந்தப் போட்டோ யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று செக்ரட்டரியிடம் கேட்டேன். "எல்லாம் பாதுகாப்புக்குத்தான் மேடம்." வேலைக்கு வருகிற அக்கா முன்பக்க லிஃப்டில் ஏறக்கூடாது என்பதும் பாதுகாப்புக்குத்தானாம்! அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம் என்றால் அதில் அட்மின்கள் மட்டும்தான் எழுத முடியும்.

சர்க்கார் சட்டத்தையாவது கேள்வி கேட்க ஒரு வாசல் இருக்கிறது. இணையத்தில் எழுதியதற்கெல்லாம் பிடித்து உள்ளே போட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி கோர்ட்டுக்குப் போனாள், அதே 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கேட்டில் நிற்கிற மாமா எங்கே போவார்? இதில் எனக்குப் பெரிய பயம், இன்னும் ஆறு மாதத்தில் நானே பழகிவிடுவேன் என்பதுதான். ஹெல்மெட்டுக்குப் பழகியது நல்லது. இதற்குப் பழகினால்?

சரி, தூக்கம் வராததற்குக் காரணம் இது இல்லை. நம் வீட்டிலும் ஒரு அட்மின் இருந்தாளே. கல்லூரி படிக்கும்போது நீ ஆறரைக்குள் வீட்டில் இருக்க வேண்டும், தம்பி ஒன்பதரைக்கு வந்தாலும் தோசை சூடாகக் கிடைக்கும். ஏன் என்று நீ கேட்டபோதெல்லாம் "ஊர் கெட்டுக் கிடக்கு" என்றேன். செக்ரட்டரி சொன்ன அதே பதில்தான், கொஞ்சம் வேறு வார்த்தையில். உன்னை நாடகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள், ஒத்திகை ஏழு மணிக்கு என்றதும் நீயே பெயரை எடுத்துவிட்டாய், என்னிடம் கேட்கக்கூட இல்லை. நான் அப்போது, பெண் பொறுப்பாக இருக்கிறாள் என்று உன் அத்தையிடம் பெருமை வேறு பேசினேன். பயம் என்னுடையது, வீட்டில் அடைந்து கிடந்தது நீ. தம்பிக்கும் அதே ஆறரை என்று வைத்திருந்தால் ஒரே வாரத்தில் அந்த விதி காணாமல் போயிருக்கும்.

வருகிற ஞாயிறு சங்கத்தின் பொதுக்குழு. ஆப்பையும் லிஃப்டையும் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், போட்டோ அனுப்புகிறேன், தப்பு இருந்தால் சொல். அப்பா "எதுக்கு வம்பு" என்கிறார். மாமா ஆடிக்கு வருகிறாராம், நானே கீழே இறங்கிப் போய் நிற்கப் போகிறேன்.

பாட்டிலைத் திங்கட்கிழமை போடு.

அம்மா