எண்ணெய்க்கு முன் தண்ணீர்

ஆசிரியருக்கு,

கலப்பு மணத்தாலோ தத்தெடுப்பாலோ கறுப்பினக் குழந்தைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் லண்டனில் உண்டு. அந்தப் பிள்ளைகளின் சுருள்முடியைப் பராமரிப்பது பற்றி அவர்களுக்காக, சிகை அலங்காரத் தொழிலில் இருக்கும் நாங்கள் எழுதுவது.

முடி வறண்டால் நம்மவர் கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். நெருக்கமான சுருள்முடிக்கு அது போதாது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை அத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிக்கு இறங்காததால்தான் அந்த வறட்சி. காய்ந்த முடியில் எண்ணெய் பூசினால் மினுங்கும், ஈரம் வராது. முதலில் தண்ணீர் தெளித்து, அலசாமல் விடும் கண்டிஷனர் தடவி, கடைசியில் கடலையளவு ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க ஷியா மரக்கொட்டையின் கொழுப்பு) பூசுங்கள்.

தலைக்கு வார்ப்பது 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை போதும். சல்ஃபேட் (நுரை வரச் சேர்க்கும் ரசாயனம்) இல்லாத ஷாம்பு நல்லது. சீயக்காய்த்தூள் வேண்டாம்; இன்னும் வறட்டும், சுருளுக்குள் சிக்கிய பொடியை அலசி எடுப்பதும் பெரும்பாடு.

சிக்கெடுப்பதில்தான் குழந்தை அழும். முடியை நான்காக வகிர்ந்து, மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். நான்காவதில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, விரலால் சிக்கைப் பிரித்தபின் அகலப்பல் சீப்பை எடுங்கள். வேர்ப்பக்கத்தை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுவை தலைத்தோலுக்குப் போகாது. நுனியில் இரண்டு அங்குலம் சீவி, அது வழுக்கிக்கொண்டு போனபிறகே மேலே ஏறுங்கள். வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் ஒரே முடிச்சாகத் திரளும், பிறகு கத்தரிக்கோல்தான். பிடரியை மறக்காதீர்கள், தலையணையில் உரசி முதலில் சிக்குப் பிடிப்பது அங்கேதான். பருத்தி உறை ஈரத்தையும் உறிஞ்சும், சாட்டின் உறைக்கு மாறுங்கள்.

பின்னல் இறுக்கமாக இருந்தால்தான் அழகு என்பது நம் பாட்டிமார் கணக்கு. இந்த முடிக்கு அது ஆபத்து. நெற்றியோரம் சிறு கொப்புளங்கள் வந்தாலோ, வலியில் பிள்ளை தூங்காவிட்டாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். இழுவை தொடர்ந்தால் அவ்விடத்து முடி உதிர்ந்து, நாளடைவில் திரும்ப முளைக்காமலே போகலாம். கனத்த மணிகளும் அதே கேடுதான். பின்னலை இரண்டு வாரத்துக்கு மேல் விட வேண்டாம்.

முடியை நேராக்கும் ரசாயனத்தைக் குழந்தைக்குப் போடவே கூடாது. பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, தோலைப் பொசுக்கும்.

ஆஃப்ரோவோ (சுருள்முடியை இயல்பாக விரித்து விடும் பாணி) பின்னலோ கூடாதென்று பள்ளி தடுத்தால் பணிய வேண்டியதில்லை. விதிவிலக்கே இல்லாத அத்தகைய தடை சட்டவிரோதமாக இருக்க வாய்ப்புண்டு என்று பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபரில் வழிகாட்டி வெளியிட்டது. அதன் பிரதியோடு தலைமையாசிரியரைச் சந்தியுங்கள்.

சிகை அலங்காரக் கலைஞர்கள் சிலர்,
லண்டன்