தமிழ் காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு: 'எல் எதர்நௌதா'வைக் கொண்டுவாருங்கள்

தமிழில் காமிக்ஸ் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். அர்ஜென்டினாவின் 'எல் எதர்நௌதா' என்ற சித்திரக்கதையை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். அதைத் தமிழில் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதிலும் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

புவனோஸ் அயர்ஸின் புறநகர் வீடொன்றில் நான்கு நண்பர்கள் இரவில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். கதவும் ஜன்னலும் அடைத்திருக்கின்றன. வெளியே பனி பெய்கிறது. அது மேலே பட்டவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்து சாகிறார்கள். உலகம் அழிகிற கதை நமக்குப் புதிதா என்ன? ஆனால் இங்கே யாரும் உடனே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பாய்வதில்லை. இடுக்குகளை அடைக்கிறார்கள், உடம்பு முழுக்க மூடுகிற உடை தயாரிக்கிறார்கள். நாயகன் ஹுவான் சால்வோ அதை மாட்டிக்கொண்டு முதலில் போவது ஹார்டுவேர் கடைக்கு! இந்த வீட்டு வேலைப் பக்கங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

அப்புறம் வேற்றுலகத்திலிருந்து படையெடுப்பு. ராட்சத வண்டுகள் வருகின்றன. பிடிபட்ட மனிதர்களின் பிடரியில் கருவியைப் பொருத்தி, அவர்களையே நம் மீது ஏவுகிறார்கள். இவர்களையெல்லாம் இயக்குபவர்கள் 'கைகள்' எனப்படும், எண்ணற்ற விரல்கள் கொண்ட வேற்றுலகவாசிகள். அவர்களும் அடிமைகளே. பயந்தால் விஷம் சுரக்கும் சுரப்பி ஒன்று அவர்கள் உடம்பில் வைக்கப்பட்டிருக்கிறது. எதிர்க்க நினைத்தால் பயம், பயந்தால் சாவு. பிடிபட்ட ஒரு 'கை' தன் ஊர்ப் பாட்டை முனகியபடி இறக்கும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எல்லோருக்கும் மேலே இருக்கும் 'அவர்கள்' கடைசிவரை ஒரு கட்டத்தில்கூடத் தென்படுவதில்லை. கொடுங்கோல் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன சித்திரக்கதையை நான் படித்ததில்லை.

கதாசிரியர் எக்தோர் ஹெர்மான் ஓஸ்டர்ஹெல்ட். ஓவியர் பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ். 1957 முதல் 1959 வரை 'ஓரா செரோ' வார இதழில் தொடராக வந்தது. 1976இல் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1977இல் ஓஸ்டர்ஹெல்ட் கடத்தப்பட்டார், திரும்பவே இல்லை. அவருடைய நான்கு மகள்களையும் அந்த ஆட்சி காணாமல் ஆக்கியது. மனைவி எல்சா மட்டும் பேரன்களோடு மிஞ்சினார்.

இந்தச் செய்தியை அட்டையில் போட்டு விற்காதீர்கள் என்பது என் முக்கியமான வேண்டுகோள். புத்தகத்தின் பின்பகுதியில், நிதானமான ஒரு கட்டுரையாக வரட்டும். முன்னாலேயே தெரிந்துவிட்டால் வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும் ராணுவத்தைத் தேடுவார், சால்வோவைப் பார்க்கமாட்டார். கதை எழுதப்பட்டதோ அந்த ஆட்சிக்கு இருபது ஆண்டு முன்னால். வெளிப்படையான அரசியலோடு ஓஸ்டர்ஹெல்டே 1969இல் அல்பெர்தோ பிரெச்சியாவின் ஓவியத்தில் இதே கதையைத் திரும்பச் சொன்னார். அதில் வல்லரசுகள் தென்னமெரிக்காவைப் படையெடுப்பாளர்களுக்குத் தாரை வார்த்துவிடுகின்றன. வெளியிட்ட பத்திரிகை அதை அவசரமாக முடிக்க வைத்தது. எனக்கென்னவோ முதல் கதைதான் ஆழமானது. 2025இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்தவர்களும் மூலத்தைப் படிக்க வேண்டும்.

நம் வாசகருக்கு இது அந்நியமாக இருக்குமோ என்று தயங்கவேண்டாம். 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி, லண்டனின் 'வேலியன்ட்' இதழிலிருந்து வந்தவர். அதே இதழில் 'கெல்லீஸ் ஐ' தொடருக்குப் படம் வரைந்தவர் இந்தச் சொலானோ லோபெஸ்தான். பழைய வாசகர் கண்ணுக்கு அந்தக் கோடுகள் பழகியவையாகவே இருக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள். வண்ணம் பூசவேண்டாம், கறுப்பு வெள்ளையிலேயே வரட்டும். மூலப் பக்கங்கள் அகலவாக்கில் இருப்பவை, அவற்றை வெட்டி நீளவாக்கில் ஒட்டினால் பனி பெய்யும் தெருக்களின் விரிவு போய்விடும். முடிந்தால் ஸ்பானிய மொழியிலிருந்தே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். கதாசிரியர், ஓவியர் இருவர் பெயரும் அட்டையில் ஒரே அளவில் இருக்கட்டும். ஏறக்குறைய 350 பக்கம், விலை கூடத்தான் செய்யும். அதற்காக நான்கு பாகமாகப் பிரித்து ஆண்டுக்கணக்கில் காக்க வைக்காதீர்கள். முன்பதிவு அறிவியுங்கள், என் பெயரில் இரண்டு பிரதி எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்