கழிமுகத்தில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆறு கடலில் சேரும் இடத்தில் கிடந்த பிளாஸ்டிக்கை அள்ளி, பிரித்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பியாகிவிட்டது. கை ஓய்ந்ததும் முதல் வேலையாக இந்த மடலை எழுதுகிறேன். யாரிடமிருந்து தொடங்குவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

முதல் நன்றி, பழைய பொருள் பொறுக்கிப் பிரிப்பதையே தொழிலாகக் கொண்ட அக்காமார்களுக்கும் அண்ணன்களுக்கும். இப்படிப்பட்ட மடல்களில் உங்களைக் கடைசி வரியில் ‘மற்றும் பலர்’ என்று முடித்துவிடுவது வழக்கம். இந்த மடலில் அது நடக்கக் கூடாது. நாங்கள் குனிந்து அள்ளினோம், மூட்டை கட்டினோம். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அள்ளியதில் எது மறுபடி பொருளாகும், எது ஆகவே ஆகாது என்று பிரித்துச் சொல்ல உங்களால்தான் முடிந்தது. நீங்கள் வந்திருக்காவிட்டால் அத்தனை மூட்டையும் அப்படியே குப்பைக் கிடங்குக்குப் போயிருக்கும். திறந்த கிடங்கில் கொட்டிய லேசான பிளாஸ்டிக் காற்றில் பறந்து வாய்க்காலில் விழும், மழைநீரோடு ஆற்றுக்கு வரும், கடைசியில் இதே கழிமுகத்தில் வந்து ஒதுங்கும்.

நிழலில் தார்ப்பாய் விரித்து நீங்கள் பிரிக்க உட்கார்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நிறமில்லாத பாட்டில்கள் எல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஒரு அக்கா ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு குவியலாகப் போட்டுக்கொண்டே போனார். கேட்டதற்குக் கையிலிருந்ததைத் திருப்பிக் காட்டினார். தண்ணீர் பாட்டிலின் அடியில் நட்ட நடுவே சின்னப் புள்ளி ஒன்று இருக்கிறது. பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றிய இடம் அது. இன்னொரு பாட்டிலில் புள்ளி இல்லை, அடிப்பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. “மடிச்சுப் பாருங்க” என்றார். மடித்த இடம் வெள்ளையாகக் கீறியது. அது பி.வி.சி. உருக்கும் உலைக்குள் பெட்டோடு பி.வி.சி. கொஞ்சம் கலந்தாலே போதும், அந்தச் சூட்டில் அது சிதைந்து அமிலம் கக்கும், மொத்தச் சரக்கும் பழுப்பேறி வீணாகும். தொழிற்சாலைகள் இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே, அகச்சிவப்புக் கதிர் என்று விலையுயர்ந்த கருவிகளை வைத்திருக்கின்றன. அக்காவுக்குக் கண்ணும் விரலும் போதுமானதாக இருந்தது.

பைகளைப் பிரித்ததும் அப்படித்தான். கையில் கசக்கி, சத்தம் கேட்டு, இழுத்துப் பார்த்து ஒதுக்கினீர்கள். உள்ளே வெள்ளி போலப் பளபளக்கும் பாக்கெட்டுகளை மட்டும் நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, நேராகத் தனி மூட்டைக்குள் தள்ளினீர்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய அந்த உறையைப் பிரித்தெடுக்க வழி அநேகமாக எங்கும் இல்லை. எந்தக் காயலான் கடையும் அதை வாங்காது.

இந்த அறிவை நாம் எவ்வளவு குறைவாக மதிக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1950 முதல் 2015 வரை உலகம் செய்து குவித்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன் என்று 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் குப்பையாகிப் போனதில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம். 12 சதவீதத்தை எரித்துவிட்டோம். மீதி கிடங்குகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. சரி, அந்தச் சொற்பத்தையாவது சேர்ப்பது யார்? உலகம் முழுவதும் மறுசுழற்சிக்காகச் சேகரிக்கப்படும் பிளாஸ்டிக்கில் சுமார் 60 சதவீதம் உங்களைப் போல முறைசாராத் தொழிலாளர்களின் கை வழியாக வருவதாக 2020-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. 2022 மார்ச் மாதம் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்குப் பேச்சைத் தொடங்குவது என்று முடிவெடுத்தபோது, அந்தத் தீர்மானத்திலேயே உங்கள் பங்களிப்பைக் குறிப்பிட்டது. காகிதத்தில் கிடைத்த அந்த மரியாதை கூலியிலும், கையுறையிலும், மருத்துவ வசதியிலும் இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்து, மீனவ அண்ணன்களுக்கு. பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்த அந்தப் பெரிய வலையை எங்களால் அசைக்கக்கூட முடியவில்லை. ஆளாளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுக்கப் போனோம். “இழுக்காதீங்க” என்று சத்தம் போட்டு நிறுத்தினீர்கள். நீர் வற்றும் நேரம்வரை காத்திருந்து, கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தீர்கள். உள்ளே உயிரோடு இருந்த நண்டுகளை ஒவ்வொரு கண்ணியாக விடுவித்து நீரில் விட்ட பிறகுதான் அடுத்த துண்டை அறுத்தீர்கள். கைவிட்ட வலை சும்மா கிடப்பதில்லை, பிடித்துக்கொண்டே இருக்கிறது. மாட்டிச் செத்ததைத் தின்ன வருவதும் அதிலேயே மாட்டும். பசிபிக் பெருங்கடலின் குப்பைத் திட்டை அளந்து 2018-இல் வெளியான ஆய்வில், அங்கே மிதப்பவற்றின் எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள் என்று தெரியவந்தது. இதைப் படித்துவிட்டு மீனவர்களைக் குற்றம் சொல்லக் கிளம்புகிறவர்களும் உண்டு. வலையைத் தொலைக்க எந்த மீனவருக்கும் ஆசை கிடையாது, அது அவர் முதலீடு. கிழிந்த வலையைத் திருப்பிக் கொடுக்கத் துறைமுகத்தில் ஓர் இடமும், கொடுத்தால் ஒரு விலையும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று நீங்கள் சொன்னது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

கரையில் ஒதுங்கிய ஆமையை அறுத்துப் பார்த்துக் காரணம் சொன்ன கால்நடை மருத்துவருக்கும் நன்றி. ஆமையின் தொண்டைக்குள் முள்முள்ளாக இருப்பவை எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதை எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினீர்கள். வழுக்கும் சொறிமீனை (ஜெல்லி மீனை) வெளியே நழுவவிடாமல் விழுங்குவதற்கான அமைப்பு. பிளாஸ்டிக் பை ஒன்று அதற்குள் போய்விட்டால், துப்ப நினைத்தாலும் முடியாது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் யாரும் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

கல்லூரி ஆய்வகத்தைத் திறந்துவிட்ட ஆசிரியைக்கும் மாணவ மாணவியருக்கும் கொஞ்சம் விரிவாகவே நன்றி சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிந்ததை நாங்கள் அள்ளினோம். மணலில் கலந்து கிடந்ததைத் தேடியது நீங்கள். மணலைக் காயவைத்து, சலித்து, கரையும் மட்டும் உப்பைக் கரைத்த நீரில் கொட்டிக் கலக்கிவிட்டுக் காத்திருந்தோம். மணல் அடியில் உட்கார்ந்தது. நீலம், பச்சை, வெளுத்துப்போன சிவப்பு என்று துணுக்குகள் மேலே வந்தன. மிதந்ததெல்லாம் பிளாஸ்டிக் என்று நான் எண்ணத் தொடங்க, ஆசிரியை தடுத்தார். நுண்நோக்கியின் கீழ் வைத்து, சூடாக்கிய ஊசி முனையால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். பிளாஸ்டிக் என்றால் சுருண்டது, அல்லது உருகி இழுத்தது. இலைத் துணுக்கு கருகியதோடு சரி. அப்புறம், இந்த உப்பு நீரில் பெட்டும் பி.வி.சி.யும் மிதக்காமல் மணலோடு தங்கிவிடும், ஆகவே நம் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதினீர்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்தத் துணுக்குகளுக்கு நடுவே ஜவ்வரிசி மாதிரி உருண்டையாகக் கிடந்தவை குப்பை உடைந்து உண்டானவை இல்லை, தொழிற்சாலைகளுக்குப் போகும் மூலப்பொருள் குருணைகள் என்றும் உங்களிடம்தான் தெரிந்துகொண்டோம். 2021-இல் கொழும்பு அருகே தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து இவை டன் கணக்கில் கொட்டி, இலங்கையின் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. பொருளாகப் பயன்படாமலே நேராகக் குப்பையாகிவிடும் பிளாஸ்டிக் இது.

நம் ஆய்வகத்தில் நடந்ததெல்லாம் முன்னோடிகள் போட்ட பாதை. அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான சார்கசோ கடலின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் துகள்கள் மிதப்பதை எட்வர்ட் கார்பென்டர் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவரும் 1972-இலேயே எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் குழு 2004-இல் கடற்கரை மணலிலும் கடல்நீரிலும் நுண்பிளாஸ்டிக் இருப்பதைக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நேரில் பார்க்க வாய்ப்பில்லாத அவர்களுக்கும் இந்த மடலில் நன்றி சொல்கிறேன். மனித உடம்பைப் பற்றி ஒரு மாணவி கேட்டபோது ஆசிரியை அளந்து பதில் சொன்னதையும் இங்கே குறித்துவைக்கிறேன். கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பில் நுண்பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவை கூடுதலாக நேர்ந்தன என்று 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது, அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்றார் அவர். பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் பேசுகிறவர்கள் நமக்கு நிறையப் பேர் வேண்டும்.

அட்டையும் பென்சிலுமாக நின்று ஒவ்வொரு பொருளையும் எண்ணிக் குறித்த பிள்ளைகளே, உங்கள் வேலை அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியும். சிகரெட் துண்டுகளை எண்ணியபோது முகம் சுளித்தீர்கள், ஆனாலும் விடவில்லை. அதன் வடிகட்டியைப் பார்த்துப் பஞ்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிட்டேட், பிளாஸ்டிக்தான். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஒஹாரா என்ற இரண்டு பெண்கள் குப்பையை அள்ளுவதோடு எண்ணிக் குறிக்கவும் சொன்னதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் கடற்கரைக் கணக்கெடுப்பு. எண்ணிக்கை இல்லாவிட்டால் ‘மக்கள் கண்ட இடத்தில் போடுகிறார்கள்’ என்ற ஒரே பேச்சோடு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். எந்தப் பொருள், எந்த உறை, யார் தயாரித்தது என்று பட்டியல் கையில் இருந்தால் கேள்வியைச் சரியான வாசலில் போய்க் கேட்கலாம்.

துப்புரவுப் பணியாளர்களுக்கும் வண்டி ஓட்டுநர்களுக்கும் நன்றி. உங்கள் வழக்கமான வேலை முடிந்த பிறகும் வந்தீர்கள். மிச்சத்தை அங்கேயே கொளுத்திவிடலாம் என்று சிலர் சொன்னபோது முதலில் மறுத்ததும் நீங்கள்தான். அந்தப் புகையை யார் மூச்சில் வாங்குவது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பி.வி.சி. கலந்த குப்பையை எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அது உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும்.

நாளைக்கே மறுபடி வந்து ஒதுங்கத்தானே போகிறது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. வந்து ஒதுங்கும்தான். ஆனால் வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு பையும் புற ஊதாக் கதிரில் நொறுங்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கும்போதே கையில் உதிர்ந்த பைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். பையாக இருக்கும்போது ஒரு கையால் எடுத்துவிடலாம், துகளான பிறகு எந்தக் கையாலும் முடியாது. அதற்காகவே அள்ளியது வீண் போகவில்லை என்கிறேன். இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லமாட்டேன். உற்பத்தியைக் குறைக்கச் சில நாடுகள் ஒப்புக்கொள்ளாமல், பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்காக 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சுவார்த்தையும் முடிவில்லாமல் கலைந்தது. செய்பவர்கள் கணக்கில்லாமல் செய்துகொண்டே இருக்க, பொறுக்குபவர்கள் மட்டும் பொறுக்கிக்கொண்டே இருப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

கையுறை, சாக்கு, தார்ப்பாய், குடிநீர் கொடுத்தவர்கள், எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர்கள், பெயர் போட வேண்டாம் என்று சொல்லிப் பணம் தந்தவர்கள் அத்தனை பேருக்கும் நன்றி.

கடைசியாக, தன் கொட்டகையை விட்டுக்கொடுத்த பெரியவருக்கு. யாரும் வாங்காத அந்தப் பளபளப்பு உறை மூட்டைகள் இன்னும் உங்கள் இடத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் எடுத்த பட்டியலோடு அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம், நகல் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. பதில் வரும்வரை இடம் தருவதாகச் சொன்னீர்கள். வரும் பதிலை, பிரித்துத் தந்த அக்காமார்களிடம்தான் முதலில் படித்துக் காட்டுவோம்.

நன்றியுடன்,
கழிமுகத் துப்புரவுக் குழுவின் சார்பில்