மீன் எண்ணெய் மாத்திரை அனுப்பாதே, பாப்பா

காசிமேடு,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுவது. நீ ஷார்ஜாவுக்குப் போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் புதன்கிழமை நீ அழ ஆரம்பித்ததும் எனக்கு வாய் அடைத்துப் போனது. உன் அம்மா போனைப் பிடுங்கி, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிட்டாள். ஒன்றும் இல்லாமல் இல்லை. எதிர்வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை பிளைட் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

ரத்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பியது என் தப்பு. டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, 612 என்று பார்த்ததும் பயந்துவிட்டாய். எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்புக் கட்டத்தில் எண்ணே இல்லாமல் கோடு மட்டும் இருந்ததைப் பார்த்து, எண்ண முடியாத அளவுக்கு ஏறிவிட்டது என்று நினைத்தாயாம். அம்மா சொன்னாள். விஷயம் அது இல்லை. பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லைத் தனியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவதுதான் அது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு பொய் சொல்லும். அதனால் காலியாக விட்டுவிட்டார்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நான் வெறும் வயிற்றோடு போகவில்லை. லைன் நகரவே இல்லை, வெளியே வந்து டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் தின்றுவிட்டேன். அப்புறம் 12 மணி நேரம் பட்டினி கிடந்து மறுபடி கொடுத்ததில் 548 வந்தது. அதுவும் அதிகம்தான்; 150-க்குள் இருக்க வேண்டியது. 500-க்கு மேல் போனால் கணையம் வீங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்றார் டாக்டர். ரத்தம் எடுத்த பையன் குழாயைத் தூக்கிக் காட்டினான். மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கியிருந்தது. பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. "அந்த எச்.ஐ.வி. மாத்திரையாலதான் கொழுப்பு ஏறுதாம் நைனா, கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு" என்றாயே, அதற்காக.

நீ சொன்னதில் பாதி உண்மை. இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான், 1986-இல். அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி. நடுவில் இருந்த 18 வருஷத்தில் காசில்லாதவன் கதி என்ன என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பிழைத்தது, கொஞ்சம் தாமதமாக விழுந்ததால். 2005-இல் பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் பிடித்து தாம்பரம் சானடோரியத்துக்கு அம்மாதான் என்னைக் கூட்டிப் போனாள். அன்றைக்கு என் எடை 41 கிலோ. உனக்கு ஆறு வயது.

அப்போது கொடுத்ததில் ஸ்டாவுடின் என்று ஒரு மருந்து இருந்தது. உயிரைக் காப்பாற்றியது, ஆனால் உடம்பில் கொழுப்பை இடம் மாற்றிப் போட்டது. கன்னம் டொக்கு விழுந்தது, காலில் நரம்பு கயிறு மாதிரி எழும்பியது, தொப்பை மட்டும் தள்ளியது. பழைய போட்டோவில் நான் ஏன் அப்படி இருக்கிறேன் என்று நீ கேட்பாயே, காரணம் அதுதான். 2009-இல் உலக சுகாதார அமைப்பே அந்த மருந்தைக் கைவிடச் சொன்னது. எனக்கும் மாற்றினார்கள். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிக்கொண்டு பத்து நாள், பதினைந்து நாள் என்று போன காலத்தில் நான் மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டேன், வைரஸ் தலை தூக்கியது. அதனால் இரண்டாம் கட்ட மருந்து. முதலில் அட்டசானாவிர். அதில் கண் மஞ்சளாகும். கெடுதல் இல்லை, ஆனால் யார்டில் இருந்தவன் ஒவ்வொருவனும் எனக்குக் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தான். எத்தனை நாள் குடிப்பது? கண்ணை மறைக்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லி லோபினாவிருக்கு மாறினேன். கூடவே ரிட்டோனாவிர். இந்த இரண்டும் சேர்ந்தால் டிரைகிளிசரைடு ஏறும். இந்தப் பாதிதான் நீ சொன்ன உண்மை.

மீதிப் பாதியையும் கேள். மருந்தே எடுக்காவிட்டாலும் இந்த வைரஸ் நல்ல கொழுப்பைக் குறைத்து டிரைகிளிசரைடை ஏற்றும். ரத்தக் குழாயை உள்ளுக்குள் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்கிறார்கள். உன் தாத்தா எந்த வைரஸும் இல்லாமலே ஐம்பது வயதில் வலை பின்னிக்கொண்டே சாய்ந்தார். போதாததற்கு ராத்திரி பரோட்டா, ரேஷன் பாமாயிலில் வறுத்த மீன், சனிக்கிழமை கட்டிங் சரக்கு. எல்லாப் பழியையும் மாத்திரை தலையில் போட்டால் அது நியாயமா?

நிறுத்திப் பார்ப்பதையும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். மாத்திரை கொடுக்கும் சென்டரில் கவுன்சிலர் சொன்னதை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன் (கன்டெய்னர் நம்பர் எழுதிப் பழகிய கை). ஸ்மார்ட் என்று ஓர் ஆய்வு, 33 நாடுகளில் 5,472 பேர். பாதிப் பேர் மருந்தை விடாமல் சாப்பிட்டார்கள். மீதிப் பேரை எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்போது நிறுத்தச் சொல்லி, இறங்கினால் மறுபடி கொடுத்தார்கள். நிறுத்தினால் இதயத்துக்கு நல்லது என்றுதான் எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். நிறுத்தியவர்களில்தான் சாவு அதிகம், இதய நோயும் அதிகம். 2006-இல் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே நிறுத்தும் பேச்சு இனி வேண்டாம்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. 2017-இல் நான் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, மூத்திரச் சூடு என்று உன்னிடம் சொன்னேன். பொய்.

அப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் பார்த்து, கொலஸ்டிரால் 268 என்று அதைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் 40 மில்லிகிராம் எழுதினார் அந்த டாக்டர். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று ஒழுங்காகத்தான் கேட்டார். பக்கத்தில் நம் தெருக்காரன் கம்பவுண்டராக நிற்கிறான். "பிரஷர் மாத்திரை மட்டும்தான் சார்" என்றேன்.

மூன்றாவது வாரம் தொடை இரண்டும் யாரோ உருட்டுக்கட்டையால் அடித்த மாதிரி. டிரெய்லர் கேபினில் ஏறக் காலைத் தூக்க முடியவில்லை. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. நல்லவேளை, அந்த வாரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்.டி. மாத்திரை, அதாவது எச்.ஐ.வி. மாத்திரை, வாங்கும் நாள். டாக்டர் என் நடையைப் பார்த்தார், பையிலிருந்த சிம்வாஸ்டாடின் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார், அப்படியே எழுந்து நின்றுவிட்டார். தசை கரைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் போகிறது என்று அன்றைக்கே படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

ஏன் அப்படி ஆனது என்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் ஹார்பரில் ஜீரோ கேட்டை ஒரு நாள் மூடினால் என்ன ஆகும்? டிரெய்லர் வரிசை காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் ரோட்டில் நிற்கும். ஈரலிலும் மருந்து வெளியேற அப்படி ஒரு கேட் இருக்கிறது. ரிட்டோனாவிரின் வேலையே அந்தக் கேட்டைச் சாத்துவதுதான். லோபினாவிர் சீக்கிரம் வெளியே போய்விடாமல் உடம்பில் நிற்க வேண்டும் என்று தெரிந்தேதான் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிம்வாஸ்டாடினும் அதே கேட் வழியாகத்தான் போக வேண்டும். கேட் சாத்தியிருக்க, தினமும் ஒரு லோடு வந்து நின்றால்? சாப்பிட்டது 40, ரத்தத்தில் நின்றது அதைப்போலப் பல மடங்கு. கிளினிக் டாக்டருக்கு கேட் சாத்தியிருப்பது தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் படகு கட்டும் வார்ஃபில் உட்கார வைத்து உன்னிடம் என் நோயைச் சொன்னேனே, உனக்கு 19 வயதாகிவிட்டது என்பதற்காகச் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய். அந்தக் கட்டிலில் கிடந்த பயம்தான் சொல்ல வைத்தது. நான் நினைவில்லாமல் கிடந்தால் டாக்டர் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்ல வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். நோயாளியின் அனுமதி இல்லாமல் இதை வெளியே சொல்லக் கூடாது என்று 2018 செப்டம்பரில் சட்டமே அமலுக்கு வந்துவிட்டது. கம்பவுண்டருக்குப் பயந்த எனக்கு அது ஒரு வருஷம் தாமதமாக வந்த சட்டம்.

இப்போதைய நிலவரம் இதுதான். டிரைகிளிசரைடுக்கு ஃபீனோஃபைப்ரேட் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி கொலஸ்டிராலுக்கு அட்டர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம். அதுவும் அந்தக் கேட் வழியாகப் போவதுதான், அதனால் அளவைக் கூட்ட மாட்டார்கள், தொடை வலித்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். பிட்டாவாஸ்டாடின் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு அந்தக் கேட்டே தேவையில்லை. இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், அதைத் தினமும் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வந்தது. கொழுப்பு பெரிதாக ஏறாதவர்களுக்கே அந்தப் பலன். லோபினாவிருக்குப் பதில் டோலுடெக்ராவிர் கொடுக்கலாமா என்று பெரிய டாக்டர்கள் குழுவுக்கும் எழுதியிருக்கிறார்கள். அது கொழுப்பை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாதாம், எடை மட்டும் கொஞ்சம் ஏறலாமாம். பார்த்தாயா, மருந்தை மாற்ற வழி இருக்கிறது. நிறுத்துவதற்கும் மாற்றுவதற்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது.

என் பங்குக்குக் கட்டிங்கை விட்டு 23 நாள் ஆகிறது. டிரைகிளிசரைடுக்கு அது பெட்ரோல் ஊற்றின மாதிரி என்றார்கள். சனிக்கிழமை சாயந்திரம் கேரம் கிளப்பில் கை நடுங்குகிறது, சிவப்புக் காயைப் போட்டுவிட்டு ஃபாலோ விட்டுவிடுகிறேன். காலையில் ராபின்சன் பார்க்கில் ஆறு சுற்று. பாமாயிலை அம்மா நிறுத்திவிட்டாள். மீன் இனிமேல் குழம்பில்தான், வறுவல் மாதம் ஒரு தடவை என்று தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசியாக, நீ அனுப்பிய மூன்று பாட்டில் மீன் எண்ணெய் மாத்திரை. பாப்பா, காசிமேட்டுக்காரனுக்கு மீன் எண்ணெயை பிளைட்டில் அனுப்பிய ஒரே ஆள் நீதான். அம்மா தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். மத்தியும் கானாங்கெளுத்தியும் வாசலில் கூடையில் வருகின்றன. டாக்டரிடம் பாட்டிலைக் காட்டினேன். டிரைகிளிசரைடுக்கென்று சுத்தப்படுத்தி அதிக அளவில் கொடுக்கும் மருந்து வேறு, இது வேறு, வேண்டாம் என்றார். கவனி, வாய்க்குள் போடுவதற்கு முன்னால் காட்டினேன். நீ எதை அனுப்பினாலும் இனி அப்படித்தான்.

அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் 14-ஆம் தேதி காலை. முந்தின ராத்திரி எட்டு மணியோடு சாப்பாடு கிடையாது. அன்றைக்குக் காலையில் போன் பண்ணி "சாப்ட்டியா நைனா" என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
நைனா