மாத்திரை போட்டார்; மருந்து உடம்பில் சேர்ந்ததா?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையில் காசநோய்ப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கியபோது எடை 48 கிலோ. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை. என் கண்முன்னேதான் விழுங்குவார். இரண்டு மாதம் கழித்தும் சளியில் கிருமி இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்று பரிசோதனையும் சொன்னது. "மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா?" என்று மருத்துவமனையில் மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்த காலி அட்டைகளை அம்மா எடுத்து மேசைமேல் வைத்தார். யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. குற்றவாளிபோலத் தலைகுனிந்து வெளியே வந்தார். விழுங்கிய மருந்து இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

பார்க்க வழி இருக்கிறது. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை, ஆறு மணி நேரத்தில் மறுமுறை இரத்தம் எடுக்க வேண்டும். முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் உச்ச அளவு இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 8 முதல் 24 மைக்ரோகிராம் இருப்பது நல்லது. முதலில் குறைந்து பிறகு கூடினால் குடல் தாமதமாக உறிஞ்சுகிறது. இரண்டு முறையும் குறைவென்றால் மருந்தின் அளவைக் கூட்டுவதுபற்றி மருத்துவர் யோசிக்கலாம். சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் இந்த மருந்து குறைவாகச் சேரக்கூடும் என்பது மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியாசிடைச் சிலருடைய உடம்பு பிறவியிலேயே விரைவாகச் சிதைத்துவிடும். எடையைப் பார்த்து மாத்திரை எண்ணிக்கையைச் சொல்லும் அட்டவணைக்கோ 35 கிலோவும் 49 கிலோவும் ஒன்றுதான்: மூன்று மாத்திரை.

வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் காசநோயிலிருந்து குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம். இரத்தத்தில் காசநோய் மருந்தை அளக்கும் வேலையும் சேத்துப்பட்டில் உள்ள அதே நிலையத்தில் நடந்திருக்கிறது. அந்த அறிவு ஆய்வுக் கட்டுரைகளைத் தாண்டி அம்மா போன்றவர்களின் வார்டுக்கு வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டாம் மாதமும் கிருமி போகாதவர்களுக்குச் செய்யுங்கள். அவர்களில் சர்க்கரை நோயோ எச்.ஐ.வி.யோ உள்ளவர்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் இரத்தம் எடுத்து, அதன் தெளிநீரை (சீரம்) பிரித்து, உறையவைத்து, வெளிச்சம் படாமல் சென்னைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். முடிவு ஒரு வாரத்தில் சிகிச்சை தரும் மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
காசநோயிலிருந்து மீண்ட ஒருவரின் மகள்